ஐந்து கூட்டிக் காட்டும் தராசு

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த இரவு.
மூன்றே கால் இருக்கும்.
எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரி,
பச்சிளங்குழந்தைப் பிரிவின் வராந்தாக் கண்ணாடியில்
ஈரத்துணியை யாரோ வீசியதுபோல் ஒரு சத்தம்.
போய்ப் பார்த்தால்
குரோட்டன்ஸ் தொட்டிக்கும் மழைநீர்க் குழாய்க்கும் நடுவே
மல்லாந்து கிடக்கிறது,
அடிவயிற்றில் குங்குமம் கொட்டிக்கொண்டு.

ரத்தம் என்றே நினைத்தேன்.
பஞ்சால் ஒற்றினேன்.
பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.
அது அதன் நிறம்.

கையுறைக்குள் அடங்கிவிட்டது.
அலகிலிருந்து பிடரிவரை, கண்ணின் வழியே,
நடுங்காத கை ஒன்று மை இழுத்திருந்தது.
தொண்டை வெள்ளை. முதுகு மழையில் நனைந்த வாழையிலை.
தோளில் மட்டும்
மீன்கொத்தியிடம் வாங்கித் திருப்பித் தராத நீலம்.
வாலைத் தேடினேன். இருந்தது,
துணி போதாமல் தையற்காரர் நிறுத்திக்கொண்ட மாதிரி.

ஸ்டோர் ரூமில் ஒரு தராசு உண்டு.
வெறும் தட்டிலேயே ஐந்து காட்டுகிறது என்று
கழித்துப்போட்டது.
எடைபோட்டு எடைபோட்டுப் பழகிய கை
சும்மா இருக்காது.
வைத்தேன். அறுபது.
ஆக, ஐம்பத்தைந்து கிராம்.

டியூட்டி டாக்டர் இன்பலதா எட்டிப் பார்த்தாள்.
"அய்யோ, ஆறுமணிக்குருவி."
ராத்திரியில்தான் பறக்குமாம்,
விளக்கெரியும் ஊர்களின் மேல், தனியாக.
விடிந்தால் ஏதாவது தோப்பில் இறங்கிச்
சருகு புரட்டிப் புழு தின்னுமாம்.
போன வருஷத்து மரத்தடிக்கே திரும்ப வருமாம்;
இன்னொன்று வந்தால் சிறகு விரித்துச் சண்டைக்கு நிற்குமாம்.
"இதாவது பரவாயில்ல" என்று கைப்பேசியில் வேறொன்று காட்டினாள்.
அமெரிக்காவின் ஓசனிச்சிட்டு.
கழுத்தில் மாணிக்கம். மூன்று கிராம்.
உட்காரக் கிளையில்லாத வளைகுடாவை
ஒரே மூச்சில் தாண்டுமாம்.
அதற்கு முன் தின்று தின்று
தன் எடையை ஏறக்குறைய இரண்டாக்கிக்கொள்ளுமாம்.
"கொழுப்பு ஏறினாத்தான் பிழைக்கும்,
நம்ம பிள்ளைங்க மாதிரி."
நான் தராசைப் பார்த்தேன்.
அந்தச் சிட்டை வைத்தாலும் வைக்காவிட்டாலும்
இது ஐந்துதான் சொல்லும்.

நாலு மணிப் பாலுக்குப் பூல்மணி வந்தாள்.
சேதராப்பட்டில் கம்பி கட்டுகிறவனின் மனைவி.
இருபத்தொரு நாளாக இங்கே.
தமிழில் மூன்று சொல் தெரியும்:
பால், எடை, நாளைக்கு.
அட்டைப்பெட்டி ஓட்டையில் கண் வைத்தவள்
"நௌரங்!" என்றாள்,
பக்கத்து வீட்டுப் பையனை
முன்பின் தெரியாத ரயிலடியில் பார்த்துவிட்டவள் போல.
அப்புறம் கையால் பேசினாள்.
அவள் ஊருக்கு அது மழையோடு வரும்.
பந்துபோல் கூடு கட்டும்.
நாலைந்து முட்டை.
பிறகு ஒருநாள் இருக்காது.
எங்கே என்பதற்கு உள்ளங்கையை விரித்தாள்.
நான் தரையைக் காட்டினேன்.

விரல் மடக்கி நிறங்களை எண்ணினாள்.
எட்டுதான் வந்தது.
மறுபடி எண்ணினாள்.
எட்டு.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
பெட்டிக்குள் நகம் கீறும் ஒலி.
பின்சுவரோரம் வேப்பஞ்சருகில் வைத்து மூடியைத் திறந்தோம்.
பறக்கவில்லை. துள்ளி இறங்கியது.
ஷிஃப்டுக்கு வந்ததுபோல்
ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது.
குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது.
அப்புறம் ஒரே விரிப்பு.
இறகுக்குள் மடித்துவைத்திருந்த வெள்ளை
வட்டமாகத் தெரிந்து, சுவருக்கு அந்தப்பக்கம் போயிற்று.
"நௌ" என்றாள் பூல்மணி. ஒன்பது.
தொண்டையில் ஏற்கெனவே எண்ணிய வெள்ளைதான் அது.
நான் மறுக்கவில்லை.

சற்றுநேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து
இரண்டு விசில், ஒன்று ஏறி ஒன்று இறங்கி.
கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐந்து.

காலை எடை. இது நல்ல தராசு.
பூல்மணியின் மகள்: ஆயிரத்து இருநூற்று நாற்பது.
மூன்று நாள் முன்பு
ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து.
கழித்துப் பார்த்தேன்.
பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கழித்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்முன்
வராந்தாக் கண்ணாடியில் பிளாஸ்திரியைக் கிழித்துக் கிழித்து,
நாலு விரல் தள்ளி ஒன்றாக ஒட்டினேன்.
எட்டிய உயரம்வரைதான் முடிந்தது.
மேல்பாதியைக் காட்டிப் பூல்மணி சிரித்தாள்,
தனக்குத் தெரிந்த மூன்றாவது சொல்லைச் சொன்னாள்.